கிக் தொழிலாளி ஊழியரா, சுயதொழிலாளியா? ஓவன், ஃபூரியே, லூயி பிளாங் காலத்து ஆட்கள் என்ன சொல்லியிருப்பார்கள்?

வாசகசாலை:
மார்க்ஸைக் கொஞ்சம் ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் பேசலாமா?

செயலி வழியாக உணவு கொண்டுபோகிறவர், கார் ஓட்டுகிறவர் போன்ற கிக் தொழிலாளிகள் (மாதச் சம்பளம் இல்லாமல் ஆர்டருக்கு ஆர்டர் கூலி வாங்குபவர்கள்) எல்லாம் ஊழியரா, சுயதொழில் செய்பவரா என்று ஊருக்கு ஊர் வழக்கு நடக்கிறது. ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொன்னது. அதே நீதிமன்றம் 2023 நவம்பரில் உணவு விநியோக நிறுவனமான டெலிவரூவின் ரைடர்களுக்குக் கூட்டுப் பேர உரிமை (சங்கமாகக் கூடி ஊதியம் பேசும் உரிமை) இல்லை என்றது. ரைடர் தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பலாம், ஆகவே அது வேலை உறவு ஆகாது என்பது முக்கியமான காரணம். கலிஃபோர்னியாவில் 2019-ல் ஊழியர் ஆக்கிய சட்டத்தை நிறுவனங்கள் 2020 வாக்கெடுப்பில் தங்கள் அளவுக்கு வெட்டிக்கொண்டன. நம் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு (2020-ல் நிறைவேறியது, 2025 நவம்பர் 21 முதல் அமல்) கிக் தொழிலாளியை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றே வரையறுக்கிறது. வெளியே நிற்க வைத்துவிட்டு, நலநிதிக்கு மட்டும் நிறுவனங்களிடம் ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் கேட்கிறது.

என் கேள்வி வேறு. இங்கிலாந்தின் ஓவன், பிரான்ஸின் ஃபூரியே, லூயி பிளாங் என்று 1820 முதல் 1848 வரை எழுதிய சோசலிஸ்டுகள் கூலி உறவையே விட்டு வெளியேற நினைத்தவர்கள். அவர்களிடம் போய் "எங்களை ஊழியர் என்று அறிவிக்கச் சொல்லுங்கள்" என்று மனு நீட்டினால் கையெழுத்துப் போடுவார்களா, "இதற்கா இவ்வளவு பாடு?" என்று கேட்பார்களா?

செவ்வானம்:
தோழர், மார்க்ஸின் கூட்டாளி எங்கெல்ஸ் எப்போதோ கணக்குத் தீர்த்த ஆட்கள் இவர்கள். நல்ல மனசு உண்டு, வர்க்கப் போராட்டம் தெரியாது. ஃபூரியே, தன் திட்டத்துக்குப் பணம் போட ஒரு செல்வந்தர் வருவார் என்று தினமும் நண்பகலில் வீட்டில் காத்திருந்தார் என்பார்கள். மார்க்ஸின் மூலதனம் முதல் தொகுதியில் துண்டுக்கூலி (செய்து முடித்த அளவுக்குக் கூலி) பற்றிய அத்தியாயத்தைப் படியுங்கள், போதும். துண்டுக்கூலி வந்தால் கங்காணி வேலையில் பெரும்பகுதியைக் கூலி முறையே செய்துவிடும் என்று அங்கேயே இருக்கிறது.

ஊடுபாவு:
அத்தியாயம் சரிங்க தோழர். ஆனால் முதல் தொழிலாளர் எழுச்சி என்று அதே எங்கெல்ஸ் குறிப்பிடுவது பிரான்ஸின் லியோன் நகரத்தில் 1831-ல் நடந்த எழுச்சியைத்தான். அங்கே தெருவுக்கு வந்தது ஆலைத் தொழிலாளி இல்லை. இன்றைய ஒப்பந்தத் தாளை வைத்துப் பார்த்தால் சுத்தமான சுயதொழிலாளி.

நான் பல்லடம் பக்கம். எங்கள் வீட்டில் விசைத்தறி உண்டு. லியோன் கதையை முதன்முறை படித்தபோது ஏதோ எங்கள் பக்கத்து விசைத்தறி ஊரான சோமனூர் செய்தியைப் படிப்பது போல இருந்தது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

லியோன் பட்டு நெசவில் சுமார் 8,000 தறிக்காரர்கள். தறி அவர்களுடையது, வீடும் அவர்களுடைய பொறுப்பு. வீட்டுக்குள்ளேயே தறி. மேலே வணிகர்கள். வணிகர் பட்டு நூலும் டிசைனும் கொடுப்பார், நெய்த துணியை வாங்கிக்கொண்டு அளவுக்கு இவ்வளவு என்று கூலி தருவார். எப்போது உட்கார வேண்டும், எத்தனை மணி நேரம் என்று யாரும் கேட்பதில்லை. வேண்டாம் என்றால் ஆர்டரை மறுக்கலாம். கூலியை மட்டும் வணிகர்தான் போடுவார். சந்தை சரிந்தால் அவர் ஆர்டரைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார், தறியும் வாடகையும் தறிக்காரர் தலையில்.

1831 அக்டோபரில் அவர்கள் கேட்டது 'தாரிஃப்', அதாவது ஒவ்வொரு வகைத் துணிக்கும் குறைந்தபட்சக் கூலிப் பட்டியல். மாவட்ட ஆட்சியர் மாதிரி ஒருவர், பிரிஃபெக்ட் பூவியே-துமொலார், இரண்டு தரப்பையும் உட்கார வைத்தார். அக்டோபர் 25-ல் பட்டியல் முடிவானது. அடுத்த மாதமே 104 வணிகர்கள் முடியாது என்றார்கள். ஒப்பந்தச் சுதந்திரத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது வாதம். பாரிஸ் அரசும் அந்தப் பக்கமே சாய்ந்தது. நவம்பர் 21-ல் தறிக்காரர்கள் தாங்கள் குடியிருந்த க்ருவா-ரூஸ் மேட்டிலிருந்து இறங்கினார்கள். உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டுச் சாவோம் என்று எழுதிய கறுப்புக் கொடி. இரண்டு நாளில் ராணுவம் ஊரை விட்டு வெளியேறியது. டிசம்பர் 3-ல் பெரும்படையோடு திரும்பி வந்தது. பட்டியல் ரத்து, பிரிஃபெக்டுக்கும் வேலை போனது.

இனி எங்கள் ஊர். தறி எங்களுடையது, பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையது, காடாத் துணிக்கு மீட்டர் கூலி. 2021 கடைசியில் அரசு முன்னிலையில் பேசி முடித்த கூலி உயர்வு கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் தறியை நிறுத்தினோம். 2025-ல் மறுபடி நிறுத்தியபோது கோரிக்கையே 'சட்டப் பாதுகாப்புடன் கூடிய கூலி உயர்வு' என்று ஆனது. எங்களை ஊழியர் ஆக்கு என்று சங்கத்தில் யாரும் கேட்டதில்லை.

ரெண்டுசக்கரம்:
அண்ணா இது அப்படியே எங்க கதை. வண்டி என்னுது, பெட்ரோல் என்னுது, போன் என்னுது, டீ-ஷர்ட்டுக்குக் கூட காசு பிடிச்சாங்க. ஒரு ஆர்டருக்கு எவ்ளோன்றது மட்டும் அவங்களுது. அதுவும் நேத்து ஒரு ரேட், இன்னிக்கு ஒரு ரேட். வேளச்சேரில ஒரு ரேட், அதே கிலோமீட்டர் அம்பத்தூர்ல வேற. இன்சென்டிவ் கணக்கு எப்படின்னு எந்த டீம் லீடருக்கும் தெரியாது. ஆர்டரை ரிஜெக்ட் பண்ணலாம்னு ஆப்ல இருக்கு. ரெண்டு மூணு ரிஜெக்ட் பண்ணிப் பாருங்க, அப்புறம் ஓட்டல் வாசல்ல உக்காந்து போனையே பாத்துட்டு இருக்கணும்.

ஆனா ஒண்ணு. என் கூட ஓட்ற நிறைய பேருக்கு ஷிஃப்ட் வேலையே வேணாம். சூப்பர்வைசர் திட்டுன வேலைய விட்டுட்டுதான் இங்க வந்தாங்க. ஊழியர் ஆக்குறோம்னா அது திரும்ப வந்துடும்னு பயப்படறாங்க.

கருப்புக்கோட்டு:
தம்பி, அந்தப் பயத்தை நிறுவனங்களே ஊட்டி வளர்க்கின்றன. ஊழியர் என்றால் ஷிஃப்ட் கட்டாயம் என்று இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை.

1956-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த தாரங்கதரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கு. சௌராஷ்டிரத்து உப்பளத் தொழிலாளர்கள், அகரியாக்கள். வேலை நேரம் கிடையாது, எடைக்கு இவ்வளவு என்று கூலி, துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், அந்த ஆளுக்குச் சம்பளம் அவர்களே தர வேண்டும். நிறுவனம் "இவர்கள் ஒப்பந்தக்காரர்கள்" என்றது. தானும் இறங்கி உழைக்கிறவன் துணைக்கு ஆள் வைத்ததால் மட்டும் தொழிலாளி இல்லாமல் போக மாட்டான் என்றது நீதிமன்றம். டெலிவரூ தீர்ப்பை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆள் மாற்றும் உரிமை என்ற ஒரு வரி லண்டனில் கதவைச் சாத்துகிறது, ஏறக்குறைய அதே விஷயம் நம் நாட்டில் 1956-லேயே கதவைத் திறந்தது. 1973-ல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில், துண்டுக்கூலிக்குத் தைத்து, இஷ்டத்துக்கு வந்து போன தையல்காரர்களும் ஊழியர்களே என்றார்கள். 1966 பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் உட்கார்ந்து சுற்றும் பெண்ணையும் உள்ளே எடுத்தது.

ஆகவே ஊடுபாவு சொல்வது போலக் கூலிப் பட்டியல் ஒன்றே போதும் என்று நான் ஒப்ப மாட்டேன். ஊழியர் என்ற சட்ட நிலை கிடைத்தால்தான் பி.எஃப்., இ.எஸ்.ஐ., காரணமில்லாமல் நீக்கினால் கேட்க ஒரு மன்றம். அரசு போட்ட பட்டியல் ஓர் ஆணையோடு போய்விடும், லியோனில் போனதே.

வாசகசாலை:
ஐயா, ஒரு முடிச்சு. ஊழியர் இல்லாதவன் கூலிப் பட்டியலுக்காக ஒன்று சேரவே முடியுமா?

லியோனில் 1828-லேயே தறிக்காரர்கள் பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்று வைத்திருந்தார்கள். கடன், நோய், சாவு என்று உதவிக்கொள்ளும் சங்கம், மெல்லக் கூலிக்கான சங்கமாகவும் ஆனது. 1834 பிப்ரவரியில் கூலிக் குறைப்பை எதிர்த்துத் தறிகள் நின்றன. வழக்கு என்ன தெரியுமா? கூட்டுச் சதி. தனித்தனி ஆட்கள் கூடி விலை பேசியது குற்றம். 1791-ன் லெ ஷபெலியே சட்டம் முதல் பிரான்ஸில் அதுதான் நிலை. வழக்கு விசாரணையின்போது ஏப்ரல் 9-ல் இரண்டாவது எழுச்சி வெடித்தது, இந்த முறை முதல் தடவையைவிட ரத்தம் அதிகம். அதே வசந்தத்தில் இங்கிலாந்தில் டோல்பட்டில் கிராமத்து ஆறு விவசாயக் கூலிகளைச் சங்கத்தில் சேரச் சத்தியம் செய்ததற்காக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

இன்றைக்கு வாருங்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2015-ல் ஊபர், அதைப் போன்ற லிஃப்ட் ஆகிய செயலிகளின் ஓட்டுநர்கள் கூட்டாகப் பேரம் பேச வழி செய்தது. வணிகர் சபை வழக்குப் போட்டது. ஓட்டுநர்கள் தனித்தனி வியாபாரிகள், வியாபாரிகள் சேர்ந்து விலை வைத்தால் போட்டிச் சட்ட மீறல் என்று வாதம். 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்துக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்றது. ஆயிரக்கணக்கான ஓட்டுநர்களுக்கு ஒரே நிறுவனம் ஒரே நொடியில் விலை வைக்கலாம், பத்து ஓட்டுநர்கள் டீக்கடையில் கூடி வைக்கக் கூடாது! தனியாள் வியாபாரிகள் கூட்டாகப் பேசுவது குற்றமாகாது என்று ஐரோப்பிய ஆணையம் வழிகாட்டல் கொடுக்க 2022 ஆக வேண்டியிருந்தது.

செவ்வானம்:
இது நல்ல ஒப்பீடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் சோசலிசச் சிந்தனை எங்கே? தறிக்காரர்கள் கேட்டது விலை.

பனங்கூடல்:
நான் பாரிசில கனகாலமா இருக்கிறன். இஞ்ச ஒரு விசயத்தைச் சொல்லவேணும், செவ்வானம் தோழருக்கும் அது பதிலாயிருக்கும்.

1848 பெப்ரவரிப் புரட்சி முடிஞ்ச கையோட லூயி பிளாங் லக்சம்பூர்க் மாளிகையில தொழிலாளரைக் கூட்டி ஆணைக்குழு நடத்தினவர். 'உழைப்பின் அமைப்பு' எண்டு அதுக்கு முந்தியே எழுதின ஆள். தொழிலாளர் பிரதிநிதியள் வந்தவுடன கேட்ட ரெண்டு கோரிக்கையள்: வேலை நேரத்தைக் குறை, மார்ஷந்தாஜை ஒழி. மார்ஷந்தாஜ் எண்டால் இடையில ஒருத்தன் வேலையை மொத்தமா எடுத்து, மற்ற ஆக்களுக்குக் குறைஞ்ச கூலிக்குப் பிரிச்சுக் குடுத்து வித்தியாசத்தைத் தான் வச்சிருக்கிறது. மார்ச் 2-ல ரெண்டுக்கும் ஆணை வந்திட்டுது. பாரிசில 10 மணித்தியாலம், வெளியில 11. மணித்தியால ஆணையை செப்டம்பரிலயே திருப்பி 12 ஆக்கிப்போட்டினம். ஆனால் மார்ஷந்தாஜ் தடை இண்டைக்கும் பிரெஞ்சுத் தொழிற்சட்டத்தில கிடக்குது.

இப்ப இஞ்ச றோட்டில என்ன நடக்குது? விசா இல்லாத பெடியள் டெலிவரிச் செயலியில சொந்தப் பேரில கணக்குத் திறக்க ஏலாது. விசா இருக்கிற ஒருத்தன் கணக்கைத் திறந்து வாடகைக்கு விடுவான். ஓடுறது ஒருத்தன், காசு போறது மற்றவன்ர வங்கிக்கு, தன்ர பங்கைக் கழிச்சுப்போட்டு மிச்சம் குடுப்பான். எங்கட ஆக்களும் இதில ரெண்டு பக்கமும் இருக்கினம், மறைக்கத் தேவையில்லை. லூயி பிளாங் வந்து இதைப் பார்த்தால் பேர் சொல்லக் கனநேரம் எடுத்திருக்காது. ஆள் மாத்தலாம், அதால சுதந்திர வியாபாரி எண்டு நீதிமன்றத்தில நிறுவனங்கள் வாதாடுற அந்த உரிமைதான் இஞ்ச வாடகைக்குப் போகுது.

இன்னுமொண்டு: 2022 ஏப்ரலில பாரிஸ் குற்றவியல் நீதிமன்றம் டெலிவரூவுக்கு மறைமுக வேலையமர்த்தலுக்காக 375,000 யூரோ தண்டம் போட்டது. ஊழியரைச் சுயதொழிலாளியாய்க் காட்டினது குற்றம் எண்டு.

ரெண்டுசக்கரம்:
ஐடி வாடகை இங்கயும் இருக்கு அண்ணே. பிளாக் ஆனவங்க தம்பி பேர்ல, மச்சான் பேர்ல ஓட்றாங்க.

நடுநிசி:
யாருமே ஃபூரியேவுக்காகப் பேச மாட்டீர்களா? மனிதனுக்கு ஒரே வேலையை நீண்ட நேரம் செய்யப் பிடிக்காது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்ணத்துப்பூச்சி மாதிரி வேலை மாற வேண்டும் என்றவர். காலையில் தோட்டம், பிறகு மீன்பிடி, மாலையில் வேறு. செயலி நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வைத்தால் பிய்த்து உதறியிருப்பார். 😄

வாசகசாலை:
சிரிக்க வேண்டாம், நம் உரையாடலுக்குத் தேவையான ஆள் அவர்தான். ரெண்டுசக்கரம் சொன்ன "ஷிஃப்ட் வேண்டாம்" என்ற மனசைச் சோம்பலாகவோ பொய்ப் பிரக்ஞையாகவோ (தன் நலனைத் தானே தவறாகப் புரிந்துகொள்வதாகவோ) பார்க்காத ஒரே சோசலிஸ்ட். ஆனால் அந்தப் பறத்தலுக்கு அவர் வைத்த முன்நிபந்தனையை விளம்பரப் பிரிவு விட்டுவிடும். முதலில் எல்லோருக்கும் குறைந்தபட்ச வாழ்வாதாரம் உறுதி. சோறு நிச்சயம் என்றானபின்தான் வேலை விருப்பமாகும் என்றார். அந்தப் பாதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, மழை பெய்யும் இரவில் இன்சென்டிவுக்காக இன்னும் இரண்டு ஆர்டர் ஓடுவது. வணிகத்தில் குமாஸ்தாவாகவும் விற்பனையாளராகவும் காலம் தள்ளியவர், லியோனில் வாழ்ந்தவர். இடைத்தரகர்கள் மேல் அவருக்கு இருந்த கோபம் மார்க்ஸுக்குக்கூட இல்லை.

ஊடுபாவு:
கருப்புக்கோட்டு ஐயா, உங்கள் வாதத்தில் ஒரு பகுதியை ஏற்கிறேன். என் ஒப்பீட்டில் நான் சொல்லாமல் விட்ட ஆளும் உண்டு. லியோன் தறிக்காரரிடம் கூலிக்கு நெய்த ஆட்கள் சுமார் 30,000 பேர். வந்த கூலியில் பாதி தறிக்காரருக்கு, பாதி நெய்தவனுக்கு. எழுச்சியில் அவர்களும் சேர்ந்தே இறங்கினார்கள், ஆனால் பட்டியலைப் பேச உட்கார்ந்தது தறிக்காரர். எங்கள் ஊரிலும் தறி ஓட்டும் ஆளுக்கு யார் கூலி உயர்த்துவது என்ற பேச்சு வந்தால் சங்கத்தில் தொண்டையைக் கனைத்துக்கொள்வோம். பத்து ஆட்டோவை வாங்கி வாடகைக்கு விடுகிறவரும், ஒரே ஆட்டோவை ஓட்டுகிறவரும் செயலியில் ஒரே வகை. தாம்சன் இதைத்தான் பிடித்தார் என்று நினைக்கிறேன். கார்க் பக்கத்து நிலவுடைமையாளர், வில்லியம் தாம்சன், 1820-களில் எழுதியவர். தனித்தனிப் போட்டி இருக்கும்வரை உழைப்பவனுக்கு முழுப்பலன் கிடைக்காது, கூட்டுறவு ஒன்றே வழி என்றார். நல்ல கூலியோடு தனித்தனியாக ஓடுவது அவருக்குப் போதாது.

கருப்புக்கோட்டு:
நான் பட்டியலை எதிர்க்கவில்லை. நிலை இல்லாத பட்டியலுக்கு நடைமுறையில் என்ன ஆகிறது என்று பார்க்க நியூயார்க் இருக்கிறது. அங்கே உணவு விநியோகிப்பவர்கள் இன்றும் சுயதொழிலாளிகள்தான், ஆனால் நகராட்சி 2023-ல் மணிக்கு 17.96 டாலர் என்று குறைந்தபட்சம் வைத்தது, 2025 ஏப்ரலில் அது 21.44. லியோன் தறிக்காரர் கேட்டது போன்ற பட்டியல் அது. நிறுவனங்கள் என்ன செய்தன? டிப் கொடுக்கும் பொத்தானை ஆர்டர் முடிந்த பிறகு வரும்படி தள்ளின. உள்நுழையும் ஆட்களைக் கட்டுப்படுத்தின. விரும்பிய நேரத்தில் வேலை என்ற பெருமை அன்றோடு போயிற்று. விலை வைக்கும் உரிமையைப் பிடுங்கினால் கதவு திறக்கும் உரிமையை இறுக்குவார்கள். அந்தக் கதவை நியாயமாகத் திறக்க வைக்கச் சட்டத்துக்கு உறவு தேவை. கர்நாடகம் 2025-ல் கொண்டுவந்த சட்டம் நிலையைத் தொடாமலே கொஞ்சம் உள்ளே போகிறது: ஆளை நீக்க 14 நாள் முன்னறிவிப்பு, எழுத்தில் காரணம், கணினி எப்படி முடிவெடுக்கிறது என்ற விளக்கம். அது எந்த அளவுக்குப் பிடிக்கும் என்று இனி வரும் வழக்குகளில் பார்க்கலாம்.

பனங்கூடல்:
கதவே எங்கட கையில இருந்தால்? கூப்சைக்கிள் எண்டு 2017 அளவில இஞ்ச தொடங்கினது. சைக்கிள் விநியோகக் கூட்டுறவுகளுக்கான மென்பொருள், கூட்டுறவாயிருந்தால் மட்டும்தான் பாவிக்கலாம். கன நகரங்களில சின்னச் சின்னக் கூட்டுறவுகள் இதில ஓடுது. பெரிய கொம்பனியோட மோத ஏலாது, உண்மை.

செவ்வானம்:
ஓவன் 1832-ல் லண்டன் கிரேஸ் இன் சாலையில் உழைப்புப் பரிவர்த்தனை நிலையம் திறந்தார். செருப்புத் தைத்தவர் எத்தனை மணி நேரம் ஆனதோ அத்தனை மணிக்கு நோட்டு வாங்கிக்கொண்டு வேறு பொருள் எடுத்துப் போகலாம். இடைத்தரகர் இல்லை. நல்ல சரக்கு சீக்கிரம் போய்விட்டது, விலை போகாதது அலமாரியில் தேங்கியது, 1834-ல் மூடினார்கள். லியோனிலும் மிஷெல் தெர்ரியோன் 1835-ல் கூட்டுறவுக் கடை வைத்து மூன்றாண்டு தாக்குப் பிடித்தார். செயலிக்கு எதிராகச் செயலி வைத்தால் முதலீடு யாரிடம் இருக்கிறதோ அவன் ஆறு மாதம் நஷ்டத்தில் ஓட்டி உன்னை முடிப்பான். இதற்குத்தான் அரசதிகாரம் வேண்டும் என்றார்கள் பின்னால் வந்தவர்கள். லூயி பிளாங்கும் அரசே முதல் போட வேண்டும் என்றுதானே எழுதினார்? அந்த ஒரு புள்ளியில் மட்டும் அவரை மதிக்கிறேன்.

ரெண்டுசக்கரம்:
எல்லாம் படிச்சேன். கிக் தொழிலாளர் நல வாரியம் 2023 டிசம்பர்ல நம்ம தமிழ்நாட்டுல வந்துச்சே, நான் பதிஞ்சேன். அதுல இருக்க ஊழியரா இருக்கணும்னு கேக்கல. அப்போ அதுவும் இந்த ஆளுங்க சொன்ன வழிதானா?

வாசகசாலை:
ஓரளவு. அதற்கு முன்னோடி ஃப்ளோரா த்ரிஸ்தான். 1843-ல் 'தொழிலாளர் ஒன்றியம்' எழுதினார். ஆண், பெண், எந்தத் தொழில், யாரிடம் வேலை என்று எதுவும் பாராமல் ஒவ்வொரு தொழிலாளியும் ஆண்டுக்கு 2 பிராங்க் போட்டால் எழுபது லட்சம் பேரிடம் ஒரு கோடியே நாற்பது லட்சம் சேரும், அதில் முதியவர்களுக்கும் விபத்துக்குள்ளானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மாளிகைகள் கட்டலாம் என்று கணக்குப் போட்டார். 1844-ல் ஊர் ஊராகப் போய், லியோன் தறிக்காரர்களிடமும் பேசி, அந்தப் பயணத்திலேயே போர்தோவில் இறந்தார்.

வித்தியாசம் பணப்பெட்டிச் சாவியில். அவர் திட்டத்தில் பணம் தொழிலாளர்களுடையது, அதை வைத்து நாடாளுமன்றத்தில் தங்களுக்காகப் பேச ஒரு வக்கீலைச் சம்பளத்துக்கு அமர்த்தச் சொன்னார். நம் வாரியத்தில் பணமும் நிர்வாகமும் மேலே இருந்து வருகின்றன. நிறுவனங்களிடம் வாங்குவது சரி, அந்தப் பணம் உங்கள் உழைப்பிலிருந்து எடுத்ததுதான். வாரியக் கூட்டத்தில் ரைடர்கள் சார்பாக உட்காருபவரை ரைடர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க முடிந்தால் த்ரிஸ்தான் திட்டத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

கருப்புக்கோட்டு:
இதில் எனக்கு மறுப்பில்லை. ரெண்டுசக்கரம் தம்பி, ஒன்று செய்யுங்கள். ரேட் மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள், மற்றவர்களிடமும் கேளுங்கள். லியோனில் 'எக்கோ த லா ஃபப்ரிக்' என்ற தறிக்காரர் பத்திரிகை கூலித் தகராறு வழக்குகளை வாராவாரம் அச்சில் போட்டது, எந்த வணிகர் எவ்வளவு குறைத்தார் என்று ஊருக்கே தெரிந்தது. நாளை நிலைக்காக வழக்குப் போட்டாலும், கூலிப் பட்டியலுக்காக மனுப் போட்டாலும், முதலில் கேட்பது அந்தத் தாள்களைத்தான்.

ரெண்டுசக்கரம்:
எங்க ஏரியா குரூப்ல போட்டுட்டேன் சார். தீபாவளி வாரத்து ரேட் கார்டு ஏற்கெனவே நாலு பேர் அனுப்பிட்டாங்க, நாலும் வேற வேற.